தனியாக இருக்கப் பத்துப் பேர் துணை

வில்லிவாக்கத்தில் பழனிக்குமாருக்கும் நித்யகல்யாணிக்கும் கல்யாணம் ஆனபோது பெண் வீட்டார் ஒரு ஏசி வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். புதுசாகக் கல்யாணமான பிள்ளைகள் வியர்வையில் கிடக்கக் கூடாதே என்கிற அக்கறை. பழனியின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. ஏசியை அதில் மாட்டினார்கள்.

மாட்டிய அன்றைக்கே பழனியின் அப்பா பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "ஹால்ல ஒரே புழுக்கம்" என்றார். அவர் பின்னால் அம்மா விசாலம் வந்தாள். அவள் பின்னால் பழனியின் தங்கை. கடைசியாக மாமா வந்தார். இந்த மாமா விசாலத்தின் தம்பி. கண் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. ஏசி இருபத்து நாலு டிகிரியில் ஓடியது. ஆறு பேர் வரிசையாகப் படுத்தார்கள். காலையில் எழுந்ததும் விசாலம் கொட்டாவி விட்டபடி மருமகளிடம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?"

ஒருநாள் நித்யா பழனியை பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துப் போய்ப் பேசினாள். வீட்டில் பேச இடமில்லை. "ஏங்க, ராத்திரி உங்கம்மாவுக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஜாண்கூட இல்லை. விசேஷம் எந்த வழியா வரும்னு நினைக்கிறாங்க?"

இரண்டு பேரும் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தார்கள். டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை" என்றார். பிறகு வீட்டு நிலவரத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, எழுத எடுத்த பேனாவை மூடிவைத்தார். "மருந்து வேண்டாம். எங்கயாவது போய் மூணு மாசம் தனியா இருங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பழனி வேலை பார்த்த கம்பெனி வேறு இடத்துக்கு மாறியது. மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். அதே வாரம் அவன் போனில் ஒரு விளம்பரம் வந்தது.

'மாற்று வாழ்க்கை வாழ வாருங்கள். திறந்தவெளிப் பண்ணை, ஜவ்வாது மலை. பதினெட்டு ஏக்கர். பத்தே பேர். கட்டுப்பாடு கிடையாது.'

பழனி 'கட்டுப்பாடு கிடையாது' என்பதை இரண்டு தடவை படித்தான். நித்யா அதைக் கவனிக்கவே இல்லை. "ஆளுக்கு ஒண்ணே முக்கால் ஏக்கருக்கு மேல வருதுங்க" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் சொன்னதாக வீட்டில் சொன்னார்கள். விசாலம் சந்தோஷமாக அனுப்பிவைத்தாள். "போயிட்டு விசேஷத்தோட வாங்க" என்றாள், என்னமோ திருப்பதி லட்டு வாங்கிவரச் சொல்வது போல.

இப்போது அந்தப் பண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதை ஆரம்பித்தவர் சுயம்பிரகாசம் ஐயா. அவர் ஜெர்மனியில் ஒரு பண்ணையில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே காலைப் பலகாரத்துக்கு யாரும் உடுப்பு போட்டுக்கொண்டு வருவதில்லையாம். யார் யாருடைய புருஷன் என்பதைச் செவ்வாய்க்கிழமை தோறும் கரும்பலகையில் மாற்றி எழுதுவார்களாம். ஐயாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதே மாதிரி ஒன்றை நம் ஊரிலும் நடத்த வேண்டும் என்று ஜவ்வாது மலையில் நிலம் வாங்கி, பத்துப் பேரைச் சேர்த்து, கூடத்துச் சுவரில் நீலப் பெயின்ட்டால் நான்கு வாக்கியங்களை எழுதினார்.

வெட்கத்தை வாசலில் விட்டுவிட்டு வா.
இங்கே யாரும் யாருக்கும் சொந்தமில்லை.
இங்கே கதவுகள் இல்லை.
ஆசையை அடக்காதே, அடுத்தவர் ஆசைக்குத் துணை நில்.

பெயின்ட் காய்வதற்குள் வெளிநாட்டில் சொற்பொழிவு என்று அழைப்பு வந்து ஐயா விமானம் ஏறிவிட்டார். போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் சேர்த்த பத்துப் பேரும் ரொம்ப நல்லவர்கள். சிக்கலே அதுதான். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்பவர்கள்.

பழனியும் நித்யாவும் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பையும் பெட்டியுமாகப் பண்ணை வாசலில் போய் நின்றார்கள். அங்கே பக்கிரிசாமி என்பவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொப்பை. முன்னால் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். அவர் பக்கத்தில் வரிசையாகக் கூடைகள் இருந்தன.

"வெட்கத்தை இங்க விட்டுட்டு உள்ள போங்க" என்றார்.

இரண்டு பேரும் முழித்தார்கள்.

"எவ்வளவு இருக்கும்?" என்று நித்யாவைக் கேட்டார்.

"எது?"

"வெட்கந்தாம்மா."

"கொஞ்சம் இருக்கும்" என்றாள் நித்யா.

"அப்ப சின்னக் கூடை போதும்." காலிக் கூடை ஒன்றை எடுத்து அவள் முன்னால் பிடித்தார். அவள் என்ன செய்வது என்று தெரியாமல் அதில் எட்டிப் பார்த்தாள். பக்கிரிசாமி பயபக்தியோடு கூடைமேல் ஒரு துணியைப் போட்டு மூடி, பழனிக்கும் அப்படியே ஒன்றை மூடிவிட்டு, தகர டோக்கன் ஒன்றை அவளிடம் கொடுத்தார். "இருபத்தொண்ணு. பத்திரமா வெச்சுக்கங்க. போகும்போது மாத்தி எடுத்துட்டுப் போயிடாதீங்க. போன வருஷம் ஒருத்தர் எல் ஐ சி ஏஜென்டோடதை எடுத்துட்டுப் போயிட்டார். இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேருக்கும் பொருந்தலை."

உள்ளே போனால் எந்தக் கட்டடத்துக்கும் கதவு இல்லை. அலமாரிக்கு இல்லை. ஃப்ரிட்ஜுக்கு இல்லை, அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆட்டுப்பட்டிக்குக் கதவு இல்லாததால் ஆடுகள் நான்கு வருஷத்துக்கு முன்பே போய்விட்டன. காலிப் பட்டிக்கு இரண்டு வேளையும் தழை மட்டும் தவறாமல் போட்டு வந்தார்கள். கக்கூஸுக்கும் கதவு இல்லை. உள்ளே போகிறவர் சத்தமாகப் பாட வேண்டும், அப்போது மற்றவர்கள் வர மாட்டார்கள். பாடத் தெரியாதவர்கள் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னார்கள். நித்யா பதினாறாம் வாய்ப்பாட்டை அன்றைக்கே மனப்பாடம் செய்தாள்.

சாயங்காலம் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தலைமை தாமோதரன், ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். அவருக்கு வலப்பக்கம் திரிபுரசுந்தரி டீச்சர், கணக்கு டீச்சராக இருந்தவர். இடப்பக்கம் சமையல்காரர் லூர்துசாமி. மற்ற ஏழு பேரும் எதிரே.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேணும்?" என்றார் தாமோதரன்.

"புருஷன் பொண்டாட்டி சார்" என்றான் பழனி.

தாமோதரன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "இங்க யாரும் யாருக்கும் சொந்தமில்லை, தம்பி."

"சரிங்க சார். அப்படியே வெச்சுக்கலாம்." பழனி நித்யாவைப் பார்த்து லேசாகச் சிரித்தான். இந்த மாதிரி இடங்களைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருந்த வரைக்கும் இதற்கு அப்புறம் நல்லதுதான் நடக்கும்.

"சொந்தமில்லைன்னா என்ன அர்த்தம்?" என்று டீச்சர் கேட்டார்.

லூர்துசாமி யோசித்தார். "சொந்தமில்லைன்னா அந்நியர்."

"முன்னப்பின்ன தெரியாதவங்களா?"

"தெரியாதவங்கதான்."

"முன்னப்பின்ன தெரியாத ஆம்பளையும் பொம்பளையும் ஒரே ரூம்ல தங்கறதா?"

பக்கிரிசாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"டீச்சர், மூணு வருஷமா இவர் என் புருஷன்!" என்றாள் நித்யா.

"அது வெளியிலம்மா" என்றார் டீச்சர் கனிவாக. "நானும் இதோ இந்த சாரும் முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினவங்க. ரெண்டு பசங்க. ஒருத்தன் துபாயில இருக்கான். இங்க வந்த நாளிலேர்ந்து நான் இவர் பேரைக்கூடக் கேட்டுக்கிட்டதில்லை. என்ன சார்?"

"ஆமாம் மேடம்" என்றார் தாமோதரன்.

சுயம்பிரகாசம் ஐயா கனவு கண்ட கட்டுப்பாடில்லாத பண்ணை இப்படியாக எந்த லேடீஸ் ஹாஸ்டலையும்விடக் கண்டிப்பான இடமாகிவிட்டது. பழனியை மேற்குப் பக்கத்துக் கொட்டகைக்கும் நித்யாவைக் கிழக்குப் பக்கத்துக் கொட்டகைக்கும் அனுப்பினார்கள். நடுவில் பன்னிரண்டு ஏக்கர் இருந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று நித்யா சொல்லிப் பார்த்தாள். "போனா ஏசி ரூம்தான்" என்றான் பழனி. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தாள்.

மூன்று வாரம் ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, "உப்பு எடுங்க சார்", "இந்தாங்க மேடம்" என்று பேசிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வில்லிவாக்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் நிமிர்ந்து பார்க்காமலே மூன்று வருஷம் ஓட்டியவர்கள் அவர்கள். இங்கே, அந்நியராகிப் போனபிறகு, அவள் ஊறுகாயை வழித்துச் சாப்பிடுகிற அழகை அவன் பார்த்தான். அவன் சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழுவதை அவள் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவன் விறகு பொறுக்கப் போவதாகவும் அவள் தண்ணீர் எடுக்கப் போவதாகவும் சொல்லிவிட்டுப் பலாத்தோப்பில் சந்தித்தார்கள். ஒரு பெரிய பலாமரத்துக்குப் பின்னால் நின்று அவன் அவள் கையைப் பிடித்தான். அவ்வளவுதான். மரத்துக்கு மறுபக்கத்திலிருந்து மீசை எட்டிப் பார்த்தது.

"தம்பி" என்றார் பக்கிரிசாமி. "இது என்ன, ஆசையா?"

பழனிக்கு அலுத்துப்போயிருந்தது. "ஆமாண்ணே. ஆசைதான். இப்ப அதுக்கென்ன?"

பக்கிரிசாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "முதல்லயே சொல்றதுக்கு என்ன? ஆசைக்குத்தான் தனி வாக்கியமே இருக்கே. வாங்க, மணி அடிக்கணும்."

மணி அடித்தார்கள். பத்துப் பேரும் போட்டது போட்டபடி ஓடி வந்தார்கள். பண்ணையில் யாருக்கு ஆசை வந்தாலும் மணியடித்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நிறைவேறுகிற வரைக்கும் எல்லோரும் துணை நிற்க வேண்டும். போன தடவை லூர்துசாமிக்கு ரயில் பார்க்க ஆசை வந்தபோது பத்துப் பேரும் மலையிறங்கிப் போய்த் தண்டவாளத்தின் ஓரமாக நின்றார்கள். அந்த வழியில் ரயிலே நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்ததால் நான்கு நாள் நிற்க வேண்டியதாயிற்று.

"சொல்லுங்க தம்பி, என்ன ஆசை?" என்றார் தாமோதரன்.

பழனி தரையைப் பார்த்தான். வெட்கம் வாசலில் கூடையில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து, "எனக்கு இவங்களோட தனியா இருக்கணும்" என்றான்.

பத்துப் பேரும் கைதட்டினார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆறு வருஷத்துல இவ்வளவு சின்ன ஆசையை யாரும் சொன்னதில்லை. இதுக்குக்கூட நாம துணை நிக்கலைன்னா அப்புறம் என்ன?"

வடக்குப் பக்கம் ஒரு தனி அறை இருந்தது. எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய ஆஸ்பத்திரிக் கட்டில், கால்களில் சக்கரம் வைத்தது, அதில் கிடந்தது. டீச்சர் நல்ல விரிப்பு போட்டார். பக்கிரிசாமி சாமந்திப் பூ கொண்டுவந்து தூவினார். லூர்துசாமி ஒரு சொம்பு நிறையப் பால் கொண்டுவந்து வைத்தார். பழனியையும் நித்யாவையும் கட்டிலில் உட்காரவைத்தார்கள். பிறகு பத்துப் பேரும் கட்டிலைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. யாரும் நகரவில்லை.

"நீங்கல்லாம் போகலையா?" என்றாள் நித்யா மெல்ல.

"போறதா? ஆசை நிறைவேறணுமேம்மா" என்றார் தாமோதரன்.

"நீங்க போனாத்தானே நாங்க தனியா இருக்க முடியும்?"

"நாங்களும் போயிட்டா உங்களுக்கு யாரு துணை? நீங்க பயப்படாம தனியா இருங்க. நாங்க பத்துப் பேர் இருக்கோம்."

"கால் வலிக்குது. உட்கார்ந்துக்கலாமா?" என்று லூர்துசாமி கேட்டார்.

"'துணை நில்'னுதான் எழுதியிருக்கு. 'துணை உட்கார்'னு எழுதலை" என்றார் டீச்சர்.

லூர்துசாமி நின்றார்.

"தயவுசெஞ்சு திரும்புங்க" என்று நித்யா கெஞ்சினாள்.

பத்துப் பேரும் திரும்பினார்கள். ஒரு முழுச் சுற்றுத் திரும்பி, மறுபடியும் கட்டிலைப் பார்த்தபடி நின்றார்கள்.

"தனியா இருக்கீங்களா?" என்று பக்கிரிசாமி ஆவலாகக் கேட்டார்.

"இல்லைண்ணே" என்றான் பழனி.

"இன்னும் இல்லையாம்" என்று அவர் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னார். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். பால் ஆறிவிட்டதுதான் காரணமாக இருக்கும் என்றார் ஒருவர்.

நித்யாவுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்று வருஷத்துப் பொறுமையும் ஒரே சமயத்தில் போயிற்று. "ஐயோ, எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்களேன்!" என்று கத்தினாள்.

பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு குனிந்து, ஆளுக்கொரு பக்கம் கட்டிலைப் பிடித்து, "ஏலேலோ" என்று ஒரு குரல் கொடுத்து, தள்ளிக்கொண்டு போனார்கள்.

அறைக்குத்தான் கதவு கிடையாதே. கட்டில் வாசலைத் தாண்டி வெளியே வந்தது. வெளியே சரிவு. பத்துப் பேருடைய கையையும் விட்டுவிட்டுக் கட்டில் தானாக ஓட ஆரம்பித்தது. காலி ஆட்டுப்பட்டியைத் தாண்டியது. சாமை வயலுக்கு நடுவே வரப்பு வழியாகப் போயிற்று. மண் ரோட்டைக் குறுக்கே கடந்தபோது, அந்த வழியாக வந்த மினி பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை ஊதவும் மறந்துபோனார். சாமந்திப் பூ பறந்தது. நித்யா பழனியைக் கட்டிக்கொண்டாள். பழனி கட்டிலை விட்டுவிட்டு நித்யாவைக் கட்டிக்கொண்டான்.

அந்த அரை நிமிஷம்தான் மூன்று வருஷத்தில் அவர்கள் தனியாக இருந்த நேரம்.

கட்டில் அடிவாரத்துக் குளத்தில் போய் விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேரும் எழுந்து நின்று, ஒருவர் தலையிலிருந்த பாசியை ஒருவர் எடுத்துவிட்டார்கள். நித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்கவே இல்லை. அதற்குள் டீச்சர் தவிர மற்ற ஒன்பது பேரும் மூச்சிரைக்க ஓடிவந்து கரையோரமாக வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"இப்ப?" என்றார் பக்கிரிசாமி.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது பழனியின் போன் அடித்தது. பண்ணையில் ஒரே ஒரு பலாக்கிளையில்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் போனை ஒரு பையில் போட்டு அங்கேயே தொங்கவிட்டிருந்தான். வயதானதால் வரிசையில் கடைசியாக ஓடிவந்துகொண்டிருந்த டீச்சர் நின்று அதை எடுத்தார்.

"நான் பழனியோட அம்மா பேசறேன். வில்லிவாக்கம். அவன் இல்லையா?"

"தம்பி குளத்துல இருக்காரும்மா."

"நித்யா?"

"அவங்களும் குளத்துலதான். நான் திரிபுரசுந்தரி. ரிட்டயர்டு டீச்சர்."

விசாலம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டீச்சர், நீங்க பெரியவங்க. பொம்பளைக்குப் பொம்பளை கேட்கிறதுல தப்பில்லை. அவளுக்கு ஏதாவது... தள்ளிப்போயிருக்கா?"

டீச்சருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "தள்ளித்தான் போயிருக்கும்மா."

"முருகா! நல்லாத் தெரியுமா?"

"என் கண்ணால பார்த்தேனே."

"வாந்தி ஏதாவது இருக்கா?"

"அது தினமும் உண்டு. லூர்துசாமி சமைக்கிற நாளெல்லாம் எடுப்பாங்க."

"ஐயோ என் கண்ணே! எப்பலேர்ந்து தள்ளிப்போயிருக்கு?"

"இப்பதாம்மா. நாங்க பத்துப் பேரும் சேர்ந்துதான் தள்ளினோம்."

கடைசி வாக்கியம் விசாலத்தின் காதில் விழவில்லை. அவள் போனை அப்படியே போட்டுவிட்டு இனிப்பு வாங்க ஆளனுப்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு வேன் வந்து பண்ணை வாசலில் நின்றது. விசாலம் இறங்கினாள். கையில் ஒரு பெட்டி வளையல், ஒரு மூட்டை புளிப்பு மாங்காய். பின்னால் பழனியின் அப்பா, தங்கை, மாமா. பக்கிரிசாமி நான்கு கூடை எடுத்து வைத்தார். மாமாவின் கூடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கூடையே வேண்டியதில்லை சார்" என்று திருப்பி வைத்தார்.

"அத்தை, அது வந்து..." என்று நித்யா ஆரம்பித்தாள்.

"நீ வாயே திறக்காதே. களைச்சுப்போயிடுவே" என்று விசாலம் அவள் வாயில் ஒரு மாங்காய்த் துண்டைத் திணித்தாள். "குழந்தை பிறக்கிற வரைக்கும் இனிமே நான் உன்கூடவேதான்."

அன்றைக்குச் சாயங்காலமே கூட்டம் போட்டு, வந்த நான்கு பேரும் ஒருவருக்கொருவர் அந்நியர் என்று தீர்மானித்தார்கள். பழனியின் அப்பா எழுந்து, "அதாவது, இவங்களுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்கறீங்க?" என்று விசாலத்தைக் காட்டிக் கேட்டார். இல்லை என்றார் தாமோதரன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் மேற்குக் கொட்டகையில் முப்பத்து நாலு வருஷத்தில் தூங்காத தூக்கம் தூங்கினார். மாமாவுக்கும் இடம் பிடித்துவிட்டது. எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. தங்கை சிக்னலுக்காகப் பலாமரத்தில் ஏறினாள். சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கி வந்தாள்.

நான்காம் நாள் நித்யா துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள்.

"ஏங்க. அத்தை இங்க இருக்காங்க."

"ஆமா."

"மாமா இங்க. உங்க மாமாவும் இங்க. உங்க தங்கச்சி மரத்துல."

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப வீட்டுல யாரு?"

பழனி யோசித்தான். "ஏசி மட்டுந்தான்" என்றான். சொல்லிவிட்டு அவனும் அப்படியே நின்றுவிட்டான்.

நித்யா ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு நேராக மாமியாரிடம் போனாள். "அத்தை, ஆஸ்பத்திரியில ஒரு செக்கப் இருக்கு. மெட்ராஸ் போயிட்டு வரணும்."

"நானும் வரேன்."

"வாங்களேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும். உங்களுக்குன்னு ஒரு ஆசை இருக்குமில்ல அத்தை, அது என்ன?"

விசாலத்தை இதுவரை அப்படி யாரும் கேட்டதில்லை. "வேற என்னம்மா ஆசை? பேரனோ பேத்தியோ, ஒண்ணைக் கண்ணால பார்த்துட்டா போதும்."

நித்யா போய் மணியை அடித்தாள்.

பத்துப் பேரும் ஓடி வந்தார்கள். ஆசையைக் கேட்டார்கள். விசாலத்தைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள். "அம்மா, நீங்க பேரப்பிள்ளையைப் பார்க்கிற வரைக்கும் நாங்க உங்களை விட்டு நகர மாட்டோம்" என்றார் தாமோதரன். விசாலம் வலப்பக்கம் போகப் பார்த்தாள். வட்டமும் வலப்பக்கம் போயிற்று. இடப்பக்கம் போகப் பார்த்தாள்; அங்கேயும் வந்தது. வட்டத்துக்கு நடுவிலிருந்து அவள் கை மட்டும் வெளியே நீண்டது. அதில் வீட்டுச் சாவி இருந்தது. "போற வழியில வெயில் படாம போம்மா!" என்று குரல் வந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பஸ் சரியான நேரத்துக்கு வந்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வில்லிவாக்கம் வீட்டின் பூட்டைத் திறந்தார்கள். ஹாலில் யாரும் இல்லை. சமையலறையில் யாரும் இல்லை. பழனி சந்தேகத்துக்குக் கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தான். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். படுக்கையறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். ஏசியைப் போட்டார்கள். அவன் அவளைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்து, "பதினாறு ஒண்ணு பதினாறு" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதற்கு மேல் எனக்கு அந்த அறையில் வேலை இல்லை. கதவு சாத்தியிருந்ததால் மேற்கொண்டு எதுவும் தெரியவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பழனி பண்ணைக்கு போன் செய்தான். மரத்திலிருந்த தங்கை எடுத்துக் கேட்டு, அங்கிருந்தே கத்தினாள்: "அம்மா, அண்ணி உண்டாயிருக்காங்களாம்!"

"அதுதான் அன்னிக்கே தெரியுமே. எத்தனை தடவை சொல்லுவான்?" என்றாள் விசாலம். வட்டத்துக்கு நடுவில் அவள் மாங்காய் வற்றல் போட்டுக்கொண்டிருந்தாள். வட்டம் அவளுக்குப் பழகிவிட்டது. வில்லிவாக்கத்தில் அவள் சொல்வதைக் கேட்க ஒரு ஆள்கூட நின்றதில்லை. இங்கே பத்துப் பேர் நின்றார்கள்.

ஆனால் அந்தப் பத்துப் பேருக்கும் செய்தி பெரிய குழப்பமாகிவிட்டது. நின்றபடியே கூட்டம் போட்டார்கள்.

"அங்க யாரு இருந்தா?" என்றார் தாமோதரன்.

"அவங்க ரெண்டு பேர்தான்."

"நாம யாரும் போகலை?"

"ஒருத்தர்கூடப் போகலை சார்."

"பின்ன எப்படி நடந்துச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. "பாவம், துணைக்கு ஒரு ஆள் இல்லாம எவ்வளவு கஷ்டப்பட்டாங்களோ" என்றார் லூர்துசாமி. டீச்சர் மூக்கை உறிஞ்சினார்.

"சரி, நடந்தது நடந்து போச்சு" என்றார் தாமோதரன். "இனிமேலாவது உதவணும். மேடம், பிள்ளையை எத்தனை மாசம் சுமக்கணும்?"

"பத்து மாசம் சார்."

"யாரு சுமக்கணும்?"

"அந்தப் பொண்ணுதான்."

"பத்து மாசமும் அவ ஒருத்தியேவா?" தாமோதரனுக்கு மீசை துடித்தது. "அக்கிரமமா இருக்கே! நாம பத்துப் பேர் சும்மா நின்னுக்கிட்டிருக்கோம்!"

டீச்சர் மனசுக்குள் கணக்குப் போட்டார். "பத்து மாசம். நாம பத்துப் பேர். ஆளுக்கு ஒண்ணு. மீதி வராது."

அங்கேயே சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். முதல் சீட்டு லூர்துசாமிக்கும் இரண்டாம் சீட்டு தாமோதரனுக்கும் விழுந்தது. அந்த இரண்டு மாதமும் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று டீச்சர் சொன்னார். "அதான் கொஞ்ச நாளா ஒரே அசதி" என்று லூர்துசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள்.

பத்தாம் சீட்டு பக்கிரிசாமிக்கு. அவர் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். நிற்கச் சொல்லி யாரும் அவரை வற்புறுத்தவில்லை.

மாதங்கள் முறைப்படி ஆள் மாறி ஆள் கடந்தன. பங்குனி பிறந்ததும் பக்கிரிசாமியின் முறை வந்தது. விசாலம் தன் கையாலேயே அவருக்கு இரண்டு கையிலும் வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசினாள். ஐந்து வகைச் சாதம் போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் பக்கிரிசாமி தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"தலைப்பிரசவம். தாய்வீட்டுலதானே வழக்கம்?"

மற்ற ஒன்பது பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். இதை எப்படி மறந்தோம் என்று ஒருவரை ஒருவர் கடிந்துகொண்டார்கள். அவரைக் கைத்தாங்கலாக மினி பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்காரவைத்தார்கள்.

அந்த வாரமே சென்னையில் நித்யாவுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை, மூன்று கிலோ. விசாலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வட்டமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. குழந்தை தாமோதரனின் ஜாடை என்று டீச்சர் சொன்னார். இரண்டாம் மாதத்தில்தான் முகம் வளரும் என்றார்.

இந்தத் தகவல் பக்கிரிசாமிக்குப் போய்ச் சேரவில்லை. அவர் போளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு தெரு மெல்ல நடந்து, அம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. கதவைத் திறந்து, வளையல் கையால் தொப்பையைத் தாங்கிக்கொண்டு நின்ற மகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அறிவிருக்காடா உனக்கு? இந்த நிலைமையிலயா பஸ்ல வந்தே?" என்று அதட்டிவிட்டு, வெந்நீர் போட உள்ளே ஓடினாள்.